பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலியா? பயந்த பிள்ளையைத் திரும்ப வகுப்பில் உட்கார வைக்க ஒரு முழு வழிகாட்டி

காலை ஏழரை மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுக்கிற பிள்ளை, வேன் போனபிறகு ஒன்பதரைக்கு எழுந்து வந்து இட்லி கேட்டால், நம்ம கொங்குப் பக்கம் அதற்கு மூன்று தீர்ப்புகள் தயாராக இருக்கும். "நடிக்கிறான், நாலு சாத்து சாத்தி அனுப்பு" என்பார் அப்பா. "தொக்கம் இருக்கும் (சாப்பாடு உள்ளே சிக்கியிருக்கிறது என்று அர்த்தம்), எடுத்துட்டு வந்துடலாம்" என்பார் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்ற பாட்டி. "எதையோ பார்த்துப் பயந்திருக்குது, மந்திரிச்சுக் கயிறு கட்டுங்க" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. மூன்றாவது தீர்ப்பில் பாதி உண்மை இருக்கிறது, பிள்ளை பயந்துதான் இருக்கிறது. கயிறு கட்டுவதிலும் திருநீறு பூசுவதிலும் எனக்குச் சண்டை இல்லை, ஆனால் தொக்கம், மந்திரிப்பு, ஸ்கேன் என்று ஒவ்வொன்றாக அலைந்து முடிப்பதற்குள் ஒரு மாதம் ஓடிவிடுகிறது, அந்த ஒரு மாதமும் பிள்ளை வீட்டில் இருக்கிறது, அதுதான் இந்த விஷயத்தில் நடக்கக்கூடிய பெரிய கெடுதல்.

ஏனென்றால் இந்தப் பயம் வீட்டில் இருந்தால் குறையாது, வளரும். அடித்து அனுப்பினாலும் குறையாது. காரணத்தைக் கண்டுபிடித்து, சின்னச் சின்னப் படியாக, ஆனால் சீக்கிரமாகத் திரும்ப அனுப்புவதுதான் வழி. அதை எப்படிச் செய்வது என்று கீழே வரிசையாகச் சொல்கிறேன்.

வலி நிஜம்தான்

பயம் வந்தால் உடம்பு ஓடுவதற்குத் தயாராகிறது. அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடக்கும், குடலுக்குப் போகிற ரத்தம் குறைந்து கை கால் தசைகளுக்குப் போகும். வயிற்றைப் பிசைவதும், குமட்டுவதும், நாலு தடவை பாத்ரூம் ஓடுவதும், தலைவலியும் இதனால் வருவதுதான். பிள்ளை பொய் சொல்லவில்லை. வேன் போய்விட்டது, இனி இன்றைக்குப் போகவேண்டியதில்லை என்று தெரிந்ததும் உடம்பு அடங்குகிறது, அதனால் வலியும் அடங்குகிறது. அதைப் பார்த்துத்தான் நாம் நடிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் தங்கியதும் கிடைக்கிற அந்த நிம்மதி இருக்கிறதே, அது மூளைக்கு ஒரு பாடம் சொல்லித் தருகிறது: பள்ளி ஆபத்து, வீட்டில் இருந்ததால் தப்பித்தோம். மறுநாள் பயம் கொஞ்சம் கூடுதலாக வரும். கூடவே விட்டுப்போன பாடம் சேரும், "ஏண்டா வரல?" என்று கூட்டாளிகள் கேட்பார்களே என்ற கூச்சம் சேரும். ஒரு வாரம் லீவு போட்ட பிள்ளையைவிட ஒரு மாதம் போட்ட பிள்ளையைத் திரும்பக் கொண்டுவருவது பல மடங்கு கஷ்டம். அதனால் "மனசு சரியானதும் போகட்டும்" என்று காத்திருக்காதீர்கள். போகப்போகத்தான் மனசு சரியாகும்.

கட் அடிக்கிற பிள்ளையையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கட் அடிக்கிறவன் வீட்டுக்குத் தெரியாமல் பவானிசாகர் டேம் வரைக்கும் போய்வருவான், அவனுக்குப் பள்ளி என்றால் பயம் இல்லை, சலிப்பு. பயந்த பிள்ளை நமக்குத் தெரிந்தே வீட்டில் கிடக்கும், அழும், "நாளைக்குக் கண்டிப்பா போறேன்" என்று இரவில் மனசாரச் சொல்லும், காலையில் முடியாது. நேற்று ராத்திரி சொன்னது பொய் இல்லை. காலையில் அழுவதும் பொய் இல்லை.

முதலில் ஒரே ஒரு டாக்டர், ஒரே ஒரு தடவை

குழந்தை நல மருத்துவர் ஒருவரிடம் ஒழுங்காகக் காட்டிவிடுங்கள். மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, குடற்புழு, ரத்தசோகை, தைராய்டு, ஒற்றைத் தலைவலி, கண்பார்வைக் குறை, இவை எல்லாம் பார்க்கப்பட வேண்டியவை. தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, எடை குறைவது, காய்ச்சல், மலத்தில் ரத்தம், விடாத வாந்தி, ஞாயிற்றுக்கிழமையும் விடாத வலி, இதில் ஏதாவது இருந்தால் பயம் என்று ஒதுக்காமல் முழுதாகப் பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டால் அதோடு நிறுத்துங்கள். ஈரோட்டில் ஒரு டாக்டர், கோயமுத்தூரில் இரண்டு டாக்டர், மூன்றாவது ஸ்கேன் என்று போகப் போக, "எனக்கு ஏதோ பெருசா இருக்குது போல" என்று பிள்ளைக்குத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

தொக்கம் பற்றி ஒரு வார்த்தை. வாயிலிருந்து உணவுத் துணுக்கை எடுத்துக் காட்டுவார்கள், பிள்ளைக்கும் ஒருநாள் சரியானது போல இருக்கும். திங்கட்கிழமை மறுபடி வரும். குழல் வைத்து ஊதுவது, உறிஞ்சுவது எல்லாம் சின்னப் பிள்ளைகளின் தொண்டைக்கு ஆபத்து, விட்டுவிடுங்கள்.

டாக்டரிடம் போகும்போது கேட்க மறந்துவிடுகிற ஒரு விஷயம் பள்ளியின் பாத்ரூம். தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய், இன்டர்வெல்லில் பத்து நிமிடத்துக்குள் நிற்கிற வரிசை. இதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் சாயங்காலம் வரை அடக்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், நிறைய. மாதவிலக்கு ஆரம்பித்த வருடம் இது இன்னும் கூடும். வயிற்றுவலி, நீர்க்கடுப்பு, பள்ளி வேண்டாம் என்ற அழுகை, மூன்றுக்கும் அந்தக் கதவுதான் காரணமாக இருக்கலாம்.

காலண்டரில் குறித்து வையுங்கள்

நகைக்கடையோ ஜவுளிக்கடையோ கொடுத்த மாதக் காலண்டர் வீட்டில் தொங்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்துக்கு: எந்த நாள் வலி வந்தது, எத்தனை மணிக்கு வந்தது, எப்போது போனது, அன்றைக்கு என்ன பீரியட், முந்தின நாள் வீட்டில் என்ன நடந்தது. அவ்வளவுதான். பிள்ளை முன்னால் உட்கார்ந்து விசாரணை மாதிரி எழுத வேண்டாம். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வலி வந்தால் அந்த இரண்டு நாளில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தினமும் வேன் வருகிற நேரத்துக்கு வந்து பள்ளிக்குள் போனதும் சரியாகிவிட்டால், பிரச்சினை வகுப்பில் இல்லை, வேனில். அப்பாவும் அம்மாவும் சண்டை போட்ட மறுநாளெல்லாம் வந்தால், அதையும் காலண்டர் காட்டிக் கொடுத்துவிடும், மூடி மறைக்க முடியாது.

நாலு காரணத்தில் எது?

கிறிஸ்டோபர் கியர்னி என்ற அமெரிக்க உளவியலாளர், பள்ளிக்குப் போக மறுப்பதால் பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்று நாலு வகையாகப் பிரித்தார். நான் பார்த்தவரை நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கும் இது நன்றாகவே பொருந்துகிறது.

முதலாவது, அங்கே இருக்கிற ஏதோ ஒன்று தாங்க முடியாமல் இருக்கிறது: சத்தம், கூட்டம், பாத்ரூம், கத்துகிற வாத்தியார், வேன். இரண்டாவது, நாலு பேர் முன்னால் எடைபோடப்படுவது. எழுந்து நின்று படிப்பது, மேடையில் பேசுவது, டெஸ்ட், பேப்பர் கொடுக்கும்போது மார்க்கை உரக்கப் படிப்பது. வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இதுதான். மூன்றாவது, வீட்டு ஆளை விட்டுப் பிரிய முடியாதது. சின்னப் பிள்ளைகளிடம் அதிகம், ஆனால் அம்மாவுக்கு ஆபரேஷன் நடந்த வருடம், அப்பாரு (தாத்தா) இறந்த மாதம், அப்பா குடித்துவிட்டு வந்து அடிக்கிற வீடு, இங்கெல்லாம் பதினாலு வயதுப் பிள்ளைக்கும் வரும். தான் பள்ளியில் இருக்கும்போது வீட்டில் என்ன ஆகுமோ என்று காவல் காக்கிற பிள்ளைகள் இவர்கள். நாலாவது, வீடு ரொம்ப சுகமாக இருப்பது: போன், டிவி, கேம், கேட்டதெல்லாம் வாங்கித் தருகிற தாத்தா பாட்டி.

ஒன்றுக்கு மேற்பட்டதும் கலந்திருக்கும். இரண்டாவது காரணத்துக்காக வீட்டில் நின்ற பையன், ஒரு மாதம் போனோடு இருந்தபிறகு நாலாவதற்கும் பழகிவிடுவான். ஆனாலும் எதில் தொடங்கியது என்று தெரிந்தால்தான் வைத்தியம் சரியாக இருக்கும். வேன் பயத்துக்கு டியூஷன் சேர்த்துவிடுகிற வீடுகள் உண்டு.

இவற்றுக்கு அடியில் வேறு சில விஷயங்களும் கிடக்கலாம். பெரிய பையன்களின் கிண்டல், மிரட்டல். சாதியைச் சொல்லி ஒதுக்குவது. திருப்பூரில் தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வந்த பிள்ளையின் பேச்சைக் கேலி செய்வது, பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த பிள்ளைக்குத் தமிழே புரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பது. எழுத்தும் எண்ணும் குழம்புகிற கற்றல் குறைபாடு. இதைச் சோம்பேறித்தனம் என்று அடித்தே பல வருடம் ஓட்டிவிடுகிறோம், ஆனால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலேயே அது இடம்பெற்றிருக்கிறது, சான்றிதழ் வாங்கினால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் கிடைக்கும். கடைசியாக, பாலியல் சீண்டல். திடீரென்று, முன்பு நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை, ஒரு குறிப்பிட்ட ஆளைப் பார்த்தாலே ஒடுங்கினால் இந்தக் கேள்வியைத் தவிர்க்கக் கூடாது. அது உறுதியானால் படிப்படியாக அனுப்புகிற பேச்செல்லாம் அப்புறம். முதலில் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கிற போக்சோ சட்டப்படி அது காவல்துறைக்குப் போக வேண்டிய விஷயம், பள்ளியோடு பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை.

எப்படிக் கேட்பது

"ஏன் போகமாட்டீங்கற? சொல்லு!" என்று நேருக்கு நேர் உட்கார வைத்துக் கேட்டால் "தெரியல" என்றுதான் பதில் வரும். உண்மையிலேயே அவர்களுக்குத் தெரியாமலும் இருக்கலாம். முகம் பார்க்காத நேரத்தில் கேளுங்கள். வண்டியில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போகும்போது, ஆட்டுக்குத் தழை ஒடிக்கும்போது, ராத்திரி விளக்கணைத்தபிறகு. கேள்வியையும் சின்னதாக்குங்கள்: "ஸ்கூல்ல எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருக்குது கண்ணு?", "இன்டர்வெல்ல யாருகூட இருப்ப?", "வேன்ல எந்த சீட்டு?", "எந்த மிஸ் வந்தா வயிறு பிசையுது?" பதில் வந்ததும் "இதுக்குப் போயா?" என்று சிரித்துவிட்டால் அதோடு கதவு சாத்திக்கொள்ளும். "அப்படியா சாமி, அது கஷ்டந்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை ஓட்டுங்கள். மிச்சம் நாளைக்கு வரும்.

பள்ளியில் போய்ப் பேசுவது

கோபத்தோடு கரஸ்பாண்டன்ட் அறைக்குள் நுழைவதைவிட, முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பள்ளி விட்டபிறகு கிளாஸ் மிஸ்ஸைப் பார்ப்பது நல்லது. காலண்டரை எடுத்துப் போங்கள். "என் பையன் சரியில்லைங்க" என்று ஆரம்பிக்காமல், "அவனுக்கு எழுந்து நின்னு படிக்கறதுதான் பயமா இருக்குதுங்க மிஸ், ஒரு மாசத்துக்கு அதை மட்டும் கொஞ்சம் பார்த்துக்க முடியுங்களா?" என்று குறிப்பாகக் கேளுங்கள். கேட்கக்கூடிய மற்றவை: கொஞ்ச நாளைக்குத் தாமதமாக வர அனுமதி, பயம் கூடினால் போய் உட்கார ஓர் இடம், விட்டுப்போன நோட்டு எழுதுவதில் சலுகை, திரும்பி வரும் நாளில் "என்னடா மகாராஜா வந்துட்டியா" மாதிரி வரவேற்பு கூடாது என்பது. பெரும்பாலான ஆசிரியர்கள் இதற்கெல்லாம் ஒத்துக்கொள்வார்கள், யாரும் அவர்களிடம் இப்படிக் கேட்பதில்லை அவ்வளவுதான்.

ஒத்துக்கொள்ளாமல், அடிப்பதும் அவமானப்படுத்துவதும் தொடர்ந்தால், 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, உடல் ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது, தனியார் பள்ளிக்கும் சேர்த்து. எழுத்தில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். பள்ளிக் கல்வித்துறையின் 14417 எண்ணிலும் சொல்லலாம்.

ஏணி

இதுதான் மொத்த வைத்தியத்தின் நடுப்பகுதி, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பயப்படுகிற விஷயத்தைத் துண்டு துண்டாக்கி, எளிதானதிலிருந்து கடினமானதுக்கு ஏறுவது. ஒவ்வொரு படியிலும் பயம் தானாக இறங்குகிற வரை அங்கேயே நிற்பது. பயம் உச்சியிலேயே நின்றுவிடாது, தப்பி ஓடாமல் இருந்தால் கொஞ்ச நேரத்தில் இறங்கும். அதைப் பிள்ளை தன் உடம்பில் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும், நாம் வாயால் சொல்லி நம்ப வைக்க முடியாது.

அவிநாசிப் பக்கம் ஒரு ஏழாம் வகுப்புப் பையன். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங், அப்பா டெய்லர். ஊரில் ஒன்றியப் பள்ளியில் தமிழ் மீடியத்தில் படித்தவனை, பாசத்தில்தான், ஆறாவதில் மெட்ரிக் பள்ளியில் போட்டார்கள். கணக்கில் கெட்டிக்காரன். இங்கிலீஷ் பீரியடில் எழுந்து படிக்கச் சொன்னபோது ஒரு வார்த்தையில் திக்கினான், வகுப்பு சிரித்தது. அந்த வார்த்தையையே ரெண்டு பேர் அவனுக்குப் பட்டப்பெயராக வைத்துவிட்டார்கள். காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த அன்று வாந்தி எடுத்தான், அதற்கப்புறம் போகவில்லை.

அவனுக்குப் போட்ட ஏணி இப்படி. முதலில், பள்ளி விட்டு எல்லோரும் போனபிறகு அப்பாவோடு வண்டியில் கேட் வரைக்கும், எதிரே இருக்கிற கடையில் ஒரு பஜ்ஜி, திரும்பி வீடு. ரெண்டு மூன்று நாளில் அது சலித்துவிட்டது, சலித்தால் அந்தப் படி முடிந்தது என்று அர்த்தம். அடுத்து, யாரும் இல்லாத வகுப்புக்குள் போய்த் தன் பெஞ்சில் உட்கார்வது. பிறகு யூனிஃபார்ம் போட்டு, காலையில், லைப்ரரியில் முதல் ரெண்டு பீரியட். பிறகு கணக்குப் பீரியடும் பி.டி. பீரியடும் மட்டும் வகுப்பில். பிறகு மதியச் சாப்பாடு வரை, கூட ஒரு கூட்டாளி உட்கார. பிறகு முழுநாள், ஆனால் எழுந்து படிக்கச் சொல்வதில்லை என்று மிஸ்ஸோடு ஒப்பந்தம். கடைசியாக அந்த ஒப்பந்தத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்தார்கள்: முந்தின நாளே சொல்லிவிட்ட ஒரு வரியை மட்டும் படிப்பது, பிறகு ரெண்டு வரி, பிறகு பத்தி. பட்டப்பெயர் வைத்த ரெண்டு பேரையும் மிஸ் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அது நடக்காமல் இருந்திருந்தால் ஏணி எவ்வளவு நன்றாக இருந்தும் பயனில்லை, நிஜமாகவே கடிக்கிற நாயிடம் பிள்ளையைப் பழக்குகிற கதையாகிவிடும்.

ஏணி போடும்போது கவனிக்க வேண்டியவை. படிகளைப் பிள்ளையோடு சேர்ந்து எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை எவ்வளவு பயம் என்று அதுவே மார்க் போடட்டும், 3 அல்லது 4 போட்டதில் தொடங்குங்கள். கிளம்பும் நேரம் கடிகாரப்படி இருக்க வேண்டும், பயத்தின்படி அல்ல: பத்தரை மணி என்றால் பத்தரைதான், பயம் கூடியதால் ஒன்பதே முக்காலுக்குக் கூட்டிவந்தால் பழைய பாடமே உறுதியாகும். ஒரு படி முடியாமல் போனால் பழைய படிக்கு இறங்காமல் அந்தப் படியை ரெண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஏதாவது ஒரு படி நடக்க வேண்டும், விட்டுவிட்டுச் செய்தால் பிடிக்காது. ஒரு வாரம்தான் லீவு போட்ட சின்னப் பிள்ளை என்றால் இவ்வளவு நீளமான ஏணி தேவையே இல்லை, மறுநாளே முழுநாள் அனுப்பிவிடலாம், முதல் ரெண்டு மூன்று நாள் அழுகை இருக்கும், அப்புறம் அடங்கும்.

காலை ஏழிலிருந்து எட்டரை வரை

சண்டை முழுக்க இந்த ஒன்றரை மணி நேரத்தில்தான். பாதி வேலையை முந்தின இரவே முடித்துவிடுங்கள்: பை, யூனிஃபார்ம், சாக்ஸ், தண்ணீர் பாட்டில். காலையில் "வயிறு எப்படி இருக்குது?" என்று நீங்களாகக் கேட்காதீர்கள். அதுவாகச் சொன்னால் பதில் ஒன்றுதான், எத்தனை தடவை கேட்டாலும் அதே குரலில்: "வலிக்குதுன்னு தெரியுது சாமி. கஷ்டந்தான். ஆனாலும் போறோம். உன்னால முடியும்." விவாதம் வேண்டாம், நீதிக்கதை வேண்டாம், "பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பாரு" வேண்டவே வேண்டாம்.

யாரிடம் பிள்ளை அதிகம் ஒட்டுகிறதோ அவர் கொண்டுபோய் விட வேண்டாம். அம்மாவோடு ஒட்டினால் அப்பாவோ மாமாவோ விடட்டும். கேட்டில் நின்று பத்து நிமிடம் கொஞ்சக் கூடாது. "இங்கயே நிக்கிறேன்" என்று பொய் சொல்லிவிட்டு நழுவக் கூடாது, அடுத்த நாள் கையை விடவே விடாது. "நாலரைக்கு வேன்ல வந்துடு, நான் வீட்டுல இருப்பேன்" என்று உண்மையைச் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள்.

அன்றைக்குப் போகவே முடியாமல் போனால் வீடு பள்ளி நேரத்துக்குப் பள்ளி மாதிரியே இருக்க வேண்டும். போன், டிவி, கேம், கடைத் தின்பண்டம் எதுவும் நாலரை மணி வரை இல்லை. தண்டனையாகச் சொல்ல வேண்டாம், திட்டவும் வேண்டாம், சும்மா சுவாரசியம் இல்லாமல் இருந்தால் போதும். இதற்கு வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சில் நிற்க வேண்டும். அமுச்சி "புள்ள வாடிப்போச்சு, இன்னிக்கு ஒரு நாள் விடுங்க" என்று சொல்லிவிட்டால் அன்றைய ஏணி அவ்வளவுதான். அவரையும் உட்கார வைத்து விளக்குங்கள், ஒரு வேலையும் கொடுங்கள், சாயங்காலம் வந்ததும் பிள்ளைக்குப் பிடித்ததைச் செய்துதரும் பொறுப்பு அவருடையது என்று. யேல் பல்கலைக்கழகத்தில் ஏலி லெபோவிட்ஸ் குழு, பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றோரை மட்டும் பழக்கிப் பார்த்தது: பயத்துக்கு வளைந்துகொடுப்பதைக் குறைத்து, கூடவே ஆதரவாகப் பேச. பிள்ளைக்கு நேரடியாகச் சிகிச்சை கொடுத்ததற்குக் குறையாத பலன் கிடைத்தது.

திருப்பூர் வீடுகளின் கஷ்டம் தெரியும். ரெண்டு பேரும் எட்டரைக்குக் கம்பெனிக்குள் இருக்க வேண்டும், பீஸ் ரேட்டில் ஒரு மணி நேரம் போனால் காசு போகும், ஆர்டர் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட். இருந்தாலும் முதல் ரெண்டு வாரத்துக்கு ஒருவராவது பர்மிஷன் போட்டு ஒரு மணி நேரம் தாமதமாகப் போக வழி பாருங்கள். பிறகு செலவாகப்போகிற நாட்களை எண்ணினால் இது குறைவு.

மூச்சுப் பயிற்சியும் உதவும்: நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுவது, ஐந்து நிமிடம். ஆனால் அதை ராத்திரி அமைதியாக இருக்கும்போது பழக வேண்டும், வேன் ஹாரன் அடிக்கும்போது புதிதாகச் சொல்லிக்கொடுத்தால் எரிச்சல்தான் வரும். தூக்கம் இன்னொன்று: 6 முதல் 12 வயதுக்கு 9 மணி நேரமாவது, பதின்ம வயதில் 8 மணி நேரமாவது. போன் படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் ஏறட்டும்.

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் என்றால்

பெரிய பிள்ளைகள் அழமாட்டார்கள், கதவைச் சாத்திக்கொள்வார்கள். நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் ஹாஸ்டலில் போட்ட பிள்ளை என்றால் போனில் "கூட்டிட்டுப் போயிடுங்க" என்ற ஒரே வாக்கியம் வரும். காலை ஐந்துக்கு ஸ்டடி, ராத்திரி பத்து வரை ஸ்டடி, தினமும் டெஸ்ட். பிராய்லர் பள்ளி என்று நாமே சிரித்துக்கொண்டு பேர் வைத்துவிட்டு, நாமே வரிசையில் நின்று அட்மிஷனும் வாங்குகிறோம். 2017-இல் கோபிச்செட்டிபாளையத்துக்காரரான செங்கோட்டையன் கல்வி அமைச்சராக இருந்தபோது பொதுத்தேர்வில் முதல் மூன்று இடம் அறிவிக்கும் பழக்கத்தை நிறுத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் ஸ்லிப் டெஸ்ட் மார்க்கைப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போடுவதும், கல்யாண வீட்டில் "உம்பையன் கட்ஆஃப் எவ்வளவு?" என்று கேட்பதும் நிற்கவில்லை. அந்தக் கேள்வியிலிருந்து பிள்ளையைக் காப்பாற்றுவது உங்கள் வேலை, "அதெல்லாம் நாங்க பேசறதில்லைங்க" என்று சொல்லிவிட்டால் யாரும் ஒன்றும் செய்துவிட மாட்டார்கள்.

இந்த வயதில் பயத்துக்குப் பின்னால் மனச்சோர்வு இருக்கலாம். பிடித்த விஷயம்கூடப் பிடிக்காமல் போவது, சாப்பாடும் தூக்கமும் மாறுவது, எரிந்து விழுவது, கையில் கீறல், "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" மாதிரிப் பேச்சு. இருந்தால் நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா கண்ணு?" கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்க ஆள் இருக்கிறது என்றுதான் பிள்ளைக்குத் தெரியும். ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள், பூச்சிமருந்து, எலிமருந்து, சாணிப்பவுடர், மாத்திரை டப்பா எல்லாவற்றையும் அன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசுவார்கள். மாநில அரசின் மருத்துவ உதவி எண் 104-உம் உண்டு.

மனநல மருத்துவரிடம் எப்போது, அங்கே என்ன நடக்கும்

ரெண்டு மூன்று வாரம் ஒழுங்காக முயன்றும் நகரவில்லை, அல்லது ஏற்கெனவே ஒரு மாதத்துக்கு மேல் போகவில்லை என்றால் போய்விடுங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பெருந்துறை, கரூர், 2022-இல் திறந்த திருப்பூர், நாமக்கல் மருத்துவக் கல்லூரிகள், எங்கேயும் மனநலப் பிரிவு உண்டு, செலவில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் குறிப்பிட்ட நாட்களில் வருகிறார்கள், உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் எந்தக் கிழமை என்று கேளுங்கள். "பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கும்போது தெரிஞ்சா?" என்ற கவலையைப் பெற்றோர்கள் வாய்விட்டே சொல்கிறார்கள். மருத்துவமனையில் சொன்னது வெளியே போகக் கூடாது என்பதற்கு 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே இருக்கிறது. படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கிற பெண்ணைப் பற்றி ஊர் பேசாதா என்ன?

அங்கே கொடுக்கிற முக்கியமான சிகிச்சை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சுருக்கமாக சிபிடி. மேலே சொன்ன ஏணியும், "எல்லாரும் சிரிப்பாங்க" மாதிரி எண்ணங்களைச் சோதித்துப் பார்ப்பதும் சேர்ந்தது, வாரம் ஒன்றாகச் சில மாதங்கள். பயம் கடுமையாக இருந்தால் செர்ட்ராலின், ஃப்ளுவாக்ஸெட்டின் போன்ற மருந்து. 2008-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், பயக் கோளாறு இருந்த 488 பிள்ளைகளில், சிபிடியும் செர்ட்ராலினும் சேர்த்துக் கொடுத்தவர்களில் நூற்றுக்கு 81 பேர் நன்றாகத் தேறினார்கள். சிபிடி மட்டும் என்றால் 60, மருந்து மட்டும் என்றால் 55, வெற்று மாத்திரையில் 24. இந்த மருந்துகளுக்கு அடிமையாகிவிட மாட்டார்கள். வேலை செய்யச் சில வாரம் ஆகும், முதல் சில வாரங்களில் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று கவனிக்க வேண்டும், டாக்டரைக் கேட்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. மெடிக்கல் கடையில் யாரோ சொன்னார்கள் என்று தூக்க மாத்திரை, அல்பிரசோலம் வாங்கிக் கொடுப்பது வேறு கதை, அது பழக்கமாகும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பள்ளி மாற்றலாமா

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான், நான் வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். அடி, சீண்டல், சாதிக் கொடுமை, பள்ளி கண்டுகொள்ளவே இல்லை, அல்லது ஹாஸ்டலில் பிள்ளை உடைந்து கொண்டிருக்கிறது என்றால் யோசிக்காமல் டி.சி. வாங்குங்கள், கட்டின பணம் போனால் போகட்டும். வேறு காரணம் என்றால் முதலில் இருக்கிற பள்ளிக்கே திரும்பப் போக வைத்துவிட்டு, கொஞ்ச நாள் நிலைத்தபிறகு மாற்றிக்கொள்ளலாம். பயத்தோடு மாற்றினால் புதுப் பள்ளியிலும் மூன்றாவது வாரத்தில் அதே வயிற்றுவலி வந்து நிற்கும். வீட்டிலிருந்தே பிரைவேட்டாக எழுதட்டும் என்பது கடைசிக்கும் கடைசி.

சரியாகிப் போய்க்கொண்டிருக்கிற பிள்ளைக்கும் திரும்ப வரும், அதற்குத் தயாராக இருங்கள். காலாண்டு, அரையாண்டு லீவு முடிந்த முதல் நாள், பொங்கல் முடிந்த திங்கட்கிழமை, ஊர் மாரியம்மன் நோம்பி முடிந்த மறுநாள், ஒரு வாரக் காய்ச்சலுக்கு அப்புறம். லீவின் கடைசி ரெண்டு நாளிலேயே பள்ளி நாள் மாதிரி எழுப்பி, நேரத்துக்குத் தூங்க வையுங்கள். முந்தின நாள் சாயங்காலம் பள்ளி வரைக்கும் ஒருதரம் வண்டியில் போய்வாருங்கள், கிளாஸ் மிஸ்ஸுக்கும் வேன்கார அண்ணனுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். அன்று காலை வலிக்கிறது என்று சொன்னால் அதே பழைய பதில்தான். அந்த ஒருநாள் மட்டும் எக்காரணம் கொண்டும் லீவு வேண்டாம், காய்ச்சல் அடித்தாலொழிய.